11 டிகிரியில் ஒரு துருவ நட்சத்திரம்

விண்வெளியின் வாயு, தூசி மேகங்களான நெபுலாக்களைப் படமெடுக்கக் கற்றுத்தரும் காணொளிகள் பெரும்பாலும் ஒரே கட்டளையுடன் தொடங்குகின்றன: முதலில் துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பிடியுங்கள். சொல்பவர் ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ, 40 அல்லது 50 டிகிரி அட்சரேகையில் குடியிருப்பவர். அவருக்கு அது அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கும். கும்பகோணம் இருப்பது ஏறத்தாழ 11 டிகிரியில். துருவ நட்சத்திரம் ஓர் ஊரில் நிற்கும் உயரம் ஏறத்தாழ அந்த ஊரின் அட்சரேகைதான். ஆகவே இங்கே அது தொடுவானத்துக்கு மேலே 11 டிகிரியில்தான். கையை நீட்டி முஷ்டியைத் தொடுவானத்தின்மேல் வைத்தால், முஷ்டியின் தலையை ஒட்டி. எங்கள் மொட்டைமாடியிலிருந்து அந்த உயரத்தில் தெரிபவை அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, இரண்டு தென்னை, ஒரு செல்போன் கோபுரம், இவற்றுக்குப் பின்னால் நகரத்தின் மொத்த வெளிச்சமும். வீடு ஊரின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. வடக்கே ஊர், தெற்கே வயல்.

துருவ நட்சத்திரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பூமி சுழல்வதால் வானம் நகர்கிறது. நிமிடக் கணக்கில் கேமராவைத் திறந்து வைக்க வேண்டுமானால், அதே வேகத்தில் கேமராவும் திரும்ப வேண்டும். அதற்கென்று இருக்கும் மவுண்ட் என்ற சுழலும் தாங்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருந்தால்தான் நட்சத்திரங்கள் புள்ளியாக விழும். இல்லாவிட்டால் இழுபட்டுக் கோடாகிவிடும். மவுண்ட் செய்பவர்களும் வடக்கத்திய அட்சரேகைகளை மனத்தில் வைத்தே செய்கிறார்கள். 11 டிகிரிக்குச் சாய்த்தால், கருவியைச் சமன்செய்யும் எதிர் எடை தொங்கி வந்து டிரைபாடின் வடக்குக் காலில் இடிக்கிறது. நான் டிரைபாடைத் திருப்பி, இரண்டு கால்களுக்கு நடுவே வடக்கு வரும்படி வைத்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. அவ்வளவு தாழ்வில் பார்க்கும்போது காற்று மண்டலம் ஒளியை வளைத்து, நட்சத்திரத்தை உள்ளபடியைவிட ஏறத்தாழ 5 ஆர்க்நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க்நிமிடம்) உயர்த்திக் காட்டுகிறது. 45 டிகிரியில் இருப்பவருக்கு இது 1 ஆர்க்நிமிடம்தான். அவர் இதைப் பற்றிப் பேசாமல் விடுவதில் வியப்பில்லை.

இப்போது நான் துருவ நட்சத்திரத்தைத் தேடுவதே இல்லை. நினா என்ற இலவச மென்பொருள் வானத்தில் தெரிகிற பக்கத்தில் மூன்று படங்களை எடுத்து, அவற்றிலுள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது. தண்ணீர்த் தொட்டி நிற்கும் இடத்திலேயே நிற்கலாம். எனக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் மனத்தாங்கல் இல்லை.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். காவிரிப் படுகையின் ஒரு நகரத்திலிருந்து நெபுலாவை நன்றாகவே படமெடுக்கலாம். எல்லோரும் பழிபோடும் தெருவிளக்குப் பிரச்சினைக்குப் பாதித் தீர்வு எப்போதோ வந்துவிட்டது. நம்மைத் தடுமாற வைப்பவை இரண்டு: நம் அட்சரேகைக்கு எழுதப்படாத அறிவுரைகள், நம் மண்ணின் ஈரம்.

விளக்கிலிருந்து தொடங்குவோம். நகரத்திலிருந்து நெபுலாவா என்று சிரிப்பவர்களுக்கு இரண்டு லண்டன்காரர்களைக் காட்டுவேன். ஒருவர் வில்லியம் ஹக்கின்ஸ். பட்டு வணிகக் குடும்பம். கடையை விற்றுவிட்டு வானத்தைப் பார்க்க உட்கார்ந்தவர். (திருபுவனத்துக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) 1864 ஆகஸ்டில், தெற்கு லண்டன் டல்ஸ் ஹில்லில் இருந்த தன் வீட்டிலிருந்து ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தார். நட்சத்திர ஒளியைப்போல எல்லா நிறமும் கலந்த பட்டை வரவில்லை. தனித்தனியே சில பிரகாசமான கோடுகள்தான் தெரிந்தன. வாயுதான் அப்படி ஒளிரும். நெபுலா என்பது தொலைவால் கலங்கித் தெரியும் நட்சத்திரக் கும்பலா, உண்மையிலேயே புகையா என்ற பழைய வழக்கு அந்த நெபுலாவைப் பொறுத்தவரை அன்றே தீர்ந்தது. கோடுகளில் பச்சையாக இருந்தது எந்தத் தனிமத்துடனும் பொருந்தவில்லை. புதுத் தனிமம் என்று நினைத்து நெபுலியம் என்று பெயரும் வைத்தார்கள். அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் என்பதை 1927-இல் ஐரா போவன் விளக்கினார். பூமியில் எந்த வாயுவிலும் அணுக்கள் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. அந்த ஒளியை வெளியிடும் அவகாசம் ஆக்சிஜன் அணுவுக்குக் கிடைப்பதில்லை. நெபுலாவின் வாயு அவ்வளவு மெல்லியது என்பதால் அங்கே கிடைக்கிறது.

இன்னொருவர் ஆண்ட்ரூ காமன், ஒரு பொறியாளர். வானியல் அவருக்குத் தொழில் இல்லை. 1883 ஜனவரியில் ஈலிங்கில் தன் வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தியிருந்த 36 அங்குலத் தொலைநோக்கியால், ஒரியன் (வேட்டைக்காரன்) விண்மீன் கூட்டத்திலுள்ள ஒரியன் நெபுலாவைப் படமெடுத்தார். தொலைநோக்கியில் கண்வைத்துப் பார்த்தால் தெரியாத நட்சத்திரங்கள் அந்தத் தகட்டில் விழுந்திருந்தன. அதற்கு இரண்டாண்டுகளுக்கும் சற்று முன்பு, 1880 செப்டம்பரில், அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் அதே நெபுலாவை முதன்முதலில் படமெடுத்திருந்தார். இந்தக் கலையைத் தொடங்கியவர்களே வீட்டுத் தோட்டக்காரர்கள்தான்.

ஹக்கின்ஸ் கண்ட கோடுகள்தான் இன்று நம் மாடிக்கு வழிவிடுகின்றன. ஒளிரும் நெபுலா தன் ஒளியில் பெரும்பகுதியைச் சில கோடுகளில் கொட்டிவிடுகிறது. அலைநீளத்தில் சொன்னால்: ஹைட்ரஜனின் சிவப்பு 656.3 நானோமீட்டரில், ஆக்சிஜனின் பச்சை 500.7-இல், கந்தகத்தின் அடர்சிவப்பு 672-ஐ ஒட்டி. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோ 400 முதல் 700 வரை பரந்து கிடக்கிறது. ஆளுக்கு 7 நானோமீட்டர் அகலத்தில் இரண்டே இரண்டு ஜன்னல்களைத் திறந்து மற்றதையெல்லாம் அடைத்துவிடும் ஃபில்டர் இருந்தால், தெருவிளக்கில் இருபதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நெபுலாவின் ஒளி ஏறக்குறைய முழுதாக வரும்.

முன்பு எங்கள் தெருக்களில் சோடியம் விளக்குகள் இருந்தன. அவற்றின் ஆரஞ்சு ஒளி 589 நானோமீட்டரைச் சுற்றியே குவிந்திருக்கும். அதை மட்டும் வெட்டும் மலிவான ஃபில்டர்களே போதுமானதாக இருந்தன. 2015 ஜனவரியில் மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டம் தொடங்கியபின் ஊர் ஊராக வெள்ளை எல்இடி வந்தது. அது எல்லா நிறத்திலும் பரவும் ஒளி. பழைய ஃபில்டர்கள் பரணுக்குப் போயின. ஆனால் எல்இடியைத் திட்டுவதில் எனக்கு முழு உடன்பாடில்லை. நீலம் கலந்த அந்த வெள்ளையில் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டு. ஆக்சிஜன் கோடு அதன் சரிவில்தான் வருகிறது. ஹைட்ரஜன் கோடு இருக்கும் அடர்சிவப்பிலும் அதன் ஒளி தேய்ந்துபோகிறது. குறுகிய ஃபில்டர் வைத்திருப்பவனுக்கு இது சின்னச் சலுகை. எனக்கு எரிச்சலூட்டுவது விளக்கின் வகையைவிட அதன் தலையமைப்பு. வானத்தைப் பார்த்து எரியும் விளக்கால் யாருக்கும் பாதை தெரிவதில்லை.

எல்லாவற்றுக்கும் ஃபில்டர் மருந்தாகிவிடாது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றியிருக்கும் நீல மூட்டம் தானாக ஒளிர்வதில்லை. நட்சத்திரங்களின் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அவ்வளவுதான். அதில் எல்லா நிறமும் இருப்பதால் தெருவிளக்கையும் அதையும் எந்தக் கண்ணாடியாலும் பிரிக்க முடியாது. அதற்கு இருட்டைத் தேடித்தான் போக வேண்டும். வேதாரண்யம் பக்கத்து உப்பளங்கள் நல்ல இருட்டு. ஆனால் உப்புக் காற்றில் லென்ஸைத் திறந்து வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அடுத்தது ஈரம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானத்தை எடுத்துக்கொள்கிறது. மேகத்தை நொந்துகொள்ளும் நாட்களில் லெ ழாந்தியை நினைத்துக்கொள்வேன். ஆண்ட்ரோமீடாவுக்குத் துணையாக இருக்கும் எம்32 விண்மீன் திரளை 1749-இல் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர். 1761-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது நடுக்கடலில் கப்பலில் இருந்தார். ஆடும் தளத்தில் எதையும் சரியாக அளக்க முடியவில்லை. அடுத்த கடப்புக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து புதுச்சேரிக்கு வந்து வான்நோக்குக் கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரத்துக்கு மேகம் மூடிக்கொண்டது. அவருக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டால் நமக்குப் போனது ஒரு சனிக்கிழமை ராத்திரி.

தை பிறந்தால் மேகம் விலகும், பனி வரும். ஆடி முதல் தண்ணீர் நின்ற வயல்கள், ஆறுகள், வாய்க்கால்கள், குளங்கள் எல்லாம் சேர்ந்து மூச்சு விடும் காற்று இது. சாயங்காலம் திறந்து வைத்த லென்ஸ், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் வியர்த்திருக்கும். லென்ஸைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை கட்டாமல் இங்கே யாரும் படமெடுக்க முடியாது. வெளிநாட்டு அறிவுரைகளில் கடைசிப் பக்கத்தில் வரும் இந்தப் பட்டையை நான் முதல் பக்கத்துக்கு மாற்றுவேன். கேமராவை வாங்குமுன் இதை வாங்குங்கள் என்றுகூடச் சொல்வேன். குளிரூட்டும் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: வெளியே 27 டிகிரி வெப்பமும் நல்ல ஈரமும் இருக்கும்போது சென்சாரை உறைநிலைக்குக் கீழே கொண்டுபோனால், உள்ளே இருக்கும் துளி ஈரமும் கண்ணாடியில் பனித்தூளாகப் படியும். உள்ளே இருக்கும் சிலிக்கா ஜெல்லை அடிக்கடி உலர்த்திப் போட வேண்டும்.

ஈரத்தின் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. ஊரின் வெளிச்சத்தை வானம் முழுக்கத் தெளிப்பது காற்றிலுள்ள இந்த நீர்த்துளிகளும் தூசியும்தான். அதே விளக்குகள், அதே மாடி. மழை கழுவிவிட்ட இரவில் வானம் கறுப்பாகவும், மூட்டமான இரவில் சாம்பலாகவும் இருக்கிறது. படம் கெட்டால் விளக்கைக் குறைசொல்வது எளிது. நான் ஈரப்பதத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாடியேறுகிறேன்.

இந்தப் பனியைப் பற்றி ஒருமுறை என் மாமாவிடம் புலம்பினேன். அவர் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் உளுந்து தெளிக்கிறவர். அந்த உளுந்துக்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் விழும் பனியும்தான் அதற்கு. "பனி விழவில்லை என்றால் நீ நட்சத்திரத்தைத்தான் சாப்பிட வேண்டும் மாப்பிள்ளை" என்றார். அதன்பின் அவரிடம் இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாள் பார்ப்பதற்கு எனக்கு எந்தச் செயலியும் தேவைப்படுவதில்லை. கோயில் திருவிழாக்கள் போதும். கார்த்திகைப் பௌர்ணமியில் நிலா கார்த்திகைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மார்கழித் திருவாதிரையில் ஒரியனின் சிவந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். மாசி மகத்தில் சிம்மத்தில். திருவாதிரைக் களி கிண்டும் நாளில் ஒரியன் பக்கம் கேமராவைத் திருப்பிப் பயனில்லை என்பது திருவிழாவிலேயே எழுதியிருக்கிறது. நிலா இருந்தாலும் ஹைட்ரஜன் ஃபில்டரை வைத்து ஓரளவு எடுக்கலாம். ஆக்சிஜன் பக்கம்தான் நிலவொளி அதிகமாகக் கலக்கும். வியாழன் சிம்மத்துக்கு வரும் கணக்கில் 12 ஆண்டுக்கொருமுறை மகாமகம் கொண்டாடும் ஊர் இது. 2016-இல் நடந்தது, இனி 2028-இல். சுற்றிலும் நவக்கிரகக் கோயில்கள் வேறு. அதனால் இங்கே டெலஸ்கோப்பை வெளியே வைத்தால் வரும் முதல் கேள்வி "தம்பி, ராகு கேது தெரிகிறதா?" என்பதுதான். எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டபோது, அவை கிரகங்கள் இல்லை, நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள், அதனால் பார்க்க முடியாது என்றேன். "நிழல் கிரகம் என்று நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்" என்று முடித்துவிட்டார். எனக்கு மறுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

சரி, இந்த அட்சரேகை தரும் செல்வத்துக்கு வருகிறேன். ஒரியன் நெபுலா எங்களுக்கு 74 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. ரோஸெட் நெபுலா ஏறக்குறைய உச்சந்தலைக்கே வருகிறது. லண்டனில் ஒரியன் நெபுலா 33 டிகிரியைத் தாண்டாது. உயரே போகப்போகக் குறுக்கே நிற்கும் காற்றும் வெளிச்சமும் குறையும். கோடையில் வட ஐரோப்பாவில் இரவு முழுவதும் இருட்டுவதே இல்லை. எங்களுக்கோ ஆண்டு முழுவதும் இரவுகள் ஏறத்தாழ ஒரே நீளம்தான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இப்போது பலர் வாங்கும் ஸ்மார்ட் டெலஸ்கோப்புகள், பூமியின் அச்சைப் பற்றிக் கவலைப்படாமல் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்பவை. வசதிதான். ஆனால் அப்படி நகரும்போது படம் தன் மையத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டே இருக்கும். உச்சிக்கு அருகே அந்தத் திருப்பம் மிக வேகம். ஒரியன் நெபுலா உச்சமடையும்போது எங்கள் ஊரில் மணிக்கு 50 டிகிரிக்கு மேல். ரோஸெட்டுக்கு 140-ஐ ஒட்டி. கருவி பாவம், எடுத்த படங்களில் நிறையத் தள்ளிவிடும். உச்சியில் இருக்கும்போது எடுங்கள் என்ற பொது அறிவுரையை இந்தக் கருவிகளுக்கு இங்கே தலைகீழாகப் போட வேண்டும். கிழக்கே ஏறும்போதோ மேற்கே இறங்கும்போதோ எடுத்தால் நல்லது.

உண்மையான செல்வம் தெற்கே இருக்கிறது. கரினா நெபுலா. ஒரியன் நெபுலாவைவிடப் பெரியது, பிரகாசமானது; நான்கு முழுநிலாக்களை வரிசையாக வைத்த அகலம். 7,500 ஒளியாண்டுத் தொலைவு. 30 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. டெல்லியில் தொடுவானத்தைத் தொட்டுவிட்டு மறையும். எங்களுக்கு 19 டிகிரிக்கு ஏறுகிறது. மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவில், ஏப்ரல் நடுவில் இரவு 9 மணி வாக்கில் நேர் தெற்கில் நிற்கும். அந்த உயரத்தில் தலைக்கு மேலே பார்ப்பதைவிட மூன்று மடங்கு காற்றைத் துளைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் தெற்கே எனக்கு வயல், அறுவடை முடிந்து உளுந்து நிற்கும் காலம், விளக்கு குறைவு. ஃபில்டர் போட்டு மூன்று மூன்று நிமிடமாக எடுத்து, படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது நடுவிலுள்ள கரும்பள்ளம் இரண்டாம் இரவிலேயே தெளிந்துவிடுகிறது. படத்தின் இரைச்சல், அதாவது புள்ளிபுள்ளியாகத் தெரியும் கரகரப்பு, பாதியாக வேண்டுமானால் நேரம் நான்கு மடங்காக வேண்டும் என்பது இந்தக் கலையின் கறாரான கணக்கு. நகரத்துக்காரன் இருட்டுக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்கிறான்.

அந்த நெபுலாவுக்குள் இருக்கும் ஈட்டா கரினா என்ற நட்சத்திரம் 1843-இல் சட்டென்று பொங்கி, இரவு வானத்தில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமான நட்சத்திரமாக இருந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் மேலணை கட்டியது அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1830-களில். இரவில் மடை பார்க்கப் போன எத்தனையோ பேர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

முழு இருட்டை நான் படுகையில் பார்த்தது ஒருமுறைதான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. ஒரு வாரம் கழித்துக் கார்த்திகை தீபம், அது பௌர்ணமி. நிலா தேய்ந்த பிறகும் மன்னார்குடிப் பக்கத்து உறவினர் ஊரில் மின்சாரம் வந்தபாடில்லை. அரிசியும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோயிருந்தோம். ராத்திரி வாசலில் நின்றால் ஒரியனின் வாளில் நெபுலா வெறும் கண்ணுக்கே மங்கலாகத் தெரிந்தது. முப்பது வருடத் தென்னைகள் விழுந்து கிடந்ததால் வடக்கே தொடுவானம் வரை திறந்திருந்தது. துருவ நட்சத்திரத்தை நான் அங்கேதான் தடையில்லாமல் பார்த்தேன். கேமரா பையிலேயே இருந்தது. வெளி மாவட்டத்து மின்வாரிய ஊழியர்கள் கம்பம் நட்டு விளக்கு எரிந்த இரவில் தெருவே கைதட்டியது. இருண்ட வானத்துக்காக யாராவது உருகிப் பேசும்போது எனக்கு அந்தக் கைதட்டலும் சேர்த்தே நினைவுக்கு வருகிறது. விளக்கே வேண்டாம் என்று என்னால் எழுத முடியாது. கீழ்நோக்கி எரியட்டும் என்றுதான் கேட்கிறேன்.

நிறத்தைப் பற்றிய கேள்வியைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஹப்பிள் 1995-இல் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்திருக்கிறார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதற்கான ஏற்பாடு அது. பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணினி தானாகக் கற்பனை செய்து சேர்க்கும் நுணுக்கங்களைப் பொய் என்றுதான் சொல்வேன். என் கேமரா பிடிக்காத ஒரு இழை என் படத்தில் இருக்கக் கூடாது. சிரில் என்ற இலவச மென்பொருளில் அடுக்கி, ஊர்ப்பக்கம் இருந்து ஏறிய வெளிச்சச் சரிவை நீக்கி, அத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

என்ன வாங்குவது என்று எங்கள் தெருப் பையன் ஒருவன், பிளஸ் டூ படிக்கிறவன், கேட்டான். ஒன்றும் வாங்காதே என்றேன். சித்தப்பாவின் பழைய டிஎஸ்எல்ஆரை இரவல் வாங்கி, 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு, மாடிச் சுவரில் வைத்து, ஒரியனை நான்கு நான்கு நொடியாக நூற்றுக்கணக்கில் எடுத்துவரச் சொன்னேன். அவ்வளவு குறைந்த நேரத்தில் வானத்தின் நகர்வு தெரியாது. மவுண்டும் வேண்டாம், துருவ நட்சத்திரமும் வேண்டாம். சாதாரணக் கேமராவின் உள்ளே இருக்கும் ஃபில்டர் ஹைட்ரஜன் சிவப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதால் ரோஸெட்டை எதிர்பார்க்காதே, ஒரியன் நெபுலா வந்துவிடும் என்றும் சொல்லியிருந்தேன். வந்தது. ஊதாவும் சிவப்புமாகச் சின்னதாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல். குறுக்கே தெருவின் மின்கம்பி. நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி அடுக்கியதால் நிலையாக நின்ற கம்பி பட்டையாக விரிந்திருந்தது. ஓரத்தை வெட்டிவிடலாமே என்றேன். வெட்டாமலே எல்லோருக்கும் அனுப்பிவிட்டான். இப்போது அவனுக்கு, வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் டிராக்கர் வேண்டுமாம். அவன் அப்பாவிடம் நான் பேச வேண்டுமாம்.